நெட்வொர்க், ஐபி போன், ஃபயர்வால், விர்ச்சுவலைசேஷன்: எதை முதலில் படிப்பது?

கேள்வியின் சாரம் இது. சில வருடங்களாக டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கிறீர்கள். பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பதும் பிரிண்டர் பார்ப்பதும் அலுத்துவிட்டது. இப்போது நெட்வொர்க், ஐபி போன், ஃபயர்வால், விர்ச்சுவல் சர்வர் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நான்கில் எதை முதலில் படிப்பது, வீட்டில் இருந்தே பழக முடியுமா, சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான்கையும் தனித்தனிப் பாடமாக எடுக்காதீர்கள். வேலைக்கு வரும்போது இவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் வரும். "போனில் பேசினால் அந்தப் பக்கம் கேட்கிறது, எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை" என்று ஒருவர் புகார் சொன்னால், கோளாறு போனில் இருக்கலாம், ஃபயர்வாலில் இருக்கலாம், ரூட்டிங்கில் இருக்கலாம். குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது என்றால் போன் சர்வர் ஓடும் விர்ச்சுவல் மெஷினில்கூட இருக்கலாம். நான்கு துறைக்கு நான்கு ஆள் இருக்கும் பெரிய நிறுவனத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள், உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் ஒரே ஓர் இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு குட்டி அலுவலகம் கட்ட வேண்டும். உள்ளே ஒரு போன் சர்வரும் ஒரு போனும், வெளியே ஒரு போன், நடுவில் ஒரு ஃபயர்வால். அழைத்தால் மணி அடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் குரல் கேட்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும், முதல் முயற்சியில் பெரும்பாலும் யாருக்கும் வராது. அது வராமல் போவதற்கான காரணங்களைத் தேடுவதில்தான் பாடம் முழுக்க இருக்கிறது.

அதற்கு முன் அடிப்படை. நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியை மனப்பாடம் செய்வதோடு நெட்வொர்க்கிங் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள் என்பதைத் தவிர அதில் பெரிய லாபம் இல்லை. முதலில் புரிய வேண்டிய விஷயம் ஒன்றுதான்: ஒரு கணினி ஒரு பாக்கெட்டை அனுப்பும் முன் "போய்ச்சேர வேண்டிய முகவரி என் சப்நெட்டிலேயே (நான் இருக்கும் உள் நெட்வொர்க் பகுதியிலேயே) இருக்கிறதா, வெளியே இருக்கிறதா" என்று பார்க்கிறது. உள்ளே இருந்தால் ஆர்ப் மூலம், அதாவது இந்த ஐபி யாருடையது என்று நெட்வொர்க்கில் கூவிக் கேட்டு, நேராக அந்தக் கணினியைத் தேடும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போக வழி தெரிந்த ரூட்டரிடம், கொடுத்துவிடும். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி சப்நெட்டைக் குறிக்கிறது என்று சொல்வது), கேட்வே மூன்றும் இந்த ஒரு முடிவுக்காகத்தான் இருக்கின்றன.

இதை நீங்களே உடைத்துப் பாருங்கள். 192.168.10.20 என்ற முகவரி உள்ள மெஷினில் மாஸ்க்கை 255.255.255.0 என்று போடாமல் 255.255.0.0 என்று போடுங்கள். இன்டர்நெட் ஒழுங்காக வரும், பக்கத்தில் உள்ள மெஷின்களும் வரும். ஆனால் 192.168.20.50 இல் இருக்கும் சர்வர் மட்டும் வராது, ஏனென்றால் அது தன் சப்நெட்டிலேயே இருப்பதாக நினைத்து இந்த மெஷின் ஆர்ப் கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கேட்வேக்கு அந்தப் பாக்கெட் போகவே போகாது. "எல்லாம் வருகிறது, அந்த ஒரு சர்வர் மட்டும் வரவில்லை" என்ற டிக்கெட்டுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டால் சப்நெட் பாடம் அதற்கப்புறம் மறக்காது.

அப்படிக் கண்ணால் பார்க்க, நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் வேண்டும். 1998 இல் ஈத்தரியல் என்ற பெயரில் வந்தது, 2006 இல் பெயர் மாறியது, இன்றும் இலவசம். நெட்வொர்க் நன்றாகத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள். ஒரு பிங், ஒரு டிஎன்எஸ் கேள்வி (பெயருக்கு ஐபி கேட்பது), ஒரு டிஹெச்சிபி பேச்சுவார்த்தை (தனக்கு ஐபி கேட்டு வாங்குவது), டிசிபியின் மூன்று படி கைகுலுக்கல் (இணைப்பு தொடங்கும் முறை), இந்த நான்கையும் பிடித்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். லினக்ஸ் சர்வரில் திரை இல்லாத இடத்தில், இதே வேலையைக் கட்டளை வரியில் செய்யும் டிசிபிடம்ப் உதவும். விலேன் (ஒரே ஸ்விட்ச்சைப் பல தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது), டிரங்க் போர்ட் (பல விலேன்களை ஒரே கம்பியில் கொண்டுபோவது) இரண்டையும் இதோடு சேர்த்துப் படித்துவிடுங்கள், ஐபி போன் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் குரலுக்குத் தனி விலேன் இருக்கும். ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ரூட்டிங் புரோட்டோகால்களில் ஓஎஸ்பிஎஃப் மேலோட்டமாகத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும், பிஜிபி உங்கள் மேசைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து விர்ச்சுவலைசேஷன், ஒரே கம்ப்யூட்டருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது. ஆரம்பத்தில் லேப் கட்டுகிற அளவுக்குத் தெரிந்தால் போதும். 16 ஜிபி மெமரி உள்ள சாதாரண கம்ப்யூட்டர் தாராளம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதியை இயக்கிவிட்டு விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் கை பழகிய பிறகு பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் அதில் பிராக்ஸ்மாக்ஸ் ஏற்றிப் பாருங்கள். அது லினக்ஸ் கெர்னலிலேயே 2007 முதல் இருக்கும் கேவிஎம் மேல் ஓடுவது, ஆகவே அங்கே கற்றது பல இடங்களில் பயன்படும். விஎம்வேரை 2023 இல் பிராட்காம் வாங்கிய பிறகு லைசென்ஸ் முறை மாறியதால் பல நிறுவனங்கள் மாற்று தேடிக்கொண்டிருக்கின்றன. அதற்காக விஎம்வேரை ஒதுக்க வேண்டாம், நீங்கள் போகும் இடத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள், அதாவது ஹைப்பர்வைசர், எதுவானாலும் சிந்தனை ஒன்றுதான், மெனுதான் வேறு.

விர்ச்சுவலைசேஷனில் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் மெஷின்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச்சில்தான். விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் கார்டை பிரிட்ஜ் முறையில் போட்டால் அது வெளி நெட்வொர்க்கில் இன்னொரு கணினி போல நிற்கும். நேட் (முகவரியை மாற்றி அனுப்பும்) முறையில் போட்டால் உங்கள் கம்ப்யூட்டரின் பின்னால் ஒளிந்துகொள்ளும். இன்டர்னல் முறையில் போட்டால் விர்ச்சுவல் மெஷின்கள் தங்களுக்குள் மட்டும் பேசும். இந்த மூன்றிலும் ஒரே மெஷினை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு முறையும் ஐபி என்ன வருகிறது, ஆர்ப் அட்டவணையில் யார் தெரிகிறார்கள் என்று பாருங்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை.

ஸ்னாப்ஷாட் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வேலையே போகும் அளவுக்கு ஆபத்து இருக்கிறது. ஸ்னாப்ஷாட் என்பது மெஷினின் அந்த நேரத்து நிலையைக் குறித்து வைப்பது, பேக்கப் அல்ல. அது மூல டிஸ்க்கை நம்பித்தான் இருக்கிறது, மூலம் போனால் அதுவும் போய்விடும். தவிர, "அப்டேட் போடும் முன் ஒன்று எடுத்து வைப்போம்" என்று எடுத்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்துவிட்டால் மாற்றங்கள் எல்லாம் தனிக் கோப்பில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் ஸ்டோரேஜ் நிரம்பி, அதில் இருக்கும் மற்ற மெஷின்களும் சேர்ந்து நிற்கும். லேபில் எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள், அலுவலகத்தில் எடுத்தால் அழிக்கும் தேதியையும் அப்போதே எழுதி வையுங்கள்.

சரி, ஃபயர்வால். ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு விர்ச்சுவல் மெஷினில் ஏற்றுங்கள். உள்பக்கம் 192.168.10.0, வெளிப்பக்கம் 10.99.0.0 என்று வைத்துக்கொள்வோம், இரண்டுக்கும் 24 பிட் மாஸ்க், அதாவது 255.255.255.0. இங்கேயே ஒரு கண்ணி இருக்கிறது: வெளிப்பக்க இடைமுகத்தில் தனியார் முகவரிகளை (உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கியவற்றை) தடுக்கும் ஒரு டிக் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். நம் லேபில் வெளிப்பக்கமும் 10 இல் தொடங்கும் தனியார் முகவரிதான், ஆகவே அதை எடுக்காவிட்டால் நீங்கள் எழுதும் எந்த விதியும் வேலை செய்யாதது போல் தெரியும்.

ஃபயர்வால் என்றால் போர்ட்டைத் திறப்பது மூடுவது என்று நினைப்பவர்களுக்கு இந்த வேலை வராது. அது நினைவு வைத்துக்கொள்ளும் கருவி. உள்ளிருந்து ஒரு இணைப்பு வெளியே போனால் அதை ஓர் அட்டவணையில் எழுதிக்கொண்டு, அதற்கான பதில் வரும்போது தனி விதி இல்லாமலேயே உள்ளே விடுகிறது. அந்த அட்டவணையைத் திறந்து பார்க்கப் பழகுங்கள், விதிப் பட்டியலைவிட அதுதான் நிறையச் சொல்லும். போகும் பாதை ஒன்று, திரும்பும் பாதை வேறொன்று என்று இருக்கும் நெட்வொர்க்கில் பதில் மட்டும் ஃபயர்வால் வழியாக வந்தால், "இந்த இணைப்பை நான் பார்க்கவே இல்லையே" என்று அது தூக்கிப் போட்டுவிடும். விதியில் எல்லாம் சரியாக இருக்கும், இருந்தும் போகாது. இரண்டு கேட்வே உள்ள அலுவலகங்களில் இது அடிக்கடி வரும்.

விதிகள் ஓபிஎன்சென்ஸில் வழக்கமாக மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவது வெல்லும். தடுக்கும்போது சத்தமில்லாமல் விழுங்குவதா, மறுத்துப் பதில் அனுப்புவதா என்று இரண்டு வழி உண்டு. முதலாவதில் பயனர் டைம்அவுட் வரும்வரை காத்திருப்பார், இரண்டாவதில் உடனே பிழை வரும். இந்த வித்தியாசத்தை வைத்தே எங்கே தடுக்கப்படுகிறது என்று பாதி ஊகித்துவிடலாம். பாதுகாப்பு என்ற பெயரில், பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடுவில் விபிஎன் (இணையத்தின் வழியே போகும் தனிப் பாதை) இருந்து பாக்கெட்டின் அனுமதி அளவு 1500 பைட்டுக்குக் குறையும்போது "சிறியதாக அனுப்பு" என்று சொல்லும் செய்தி ஐசிஎம்பியில்தான் வருகிறது. அதை அடைத்துவிட்டால் லாகின் பக்கம் வரும், கிளிக் செய்தால் அப்படியே நிற்கும். சின்ன பாக்கெட்டுகள் அழகாகப் போகும், பெரியவைதான் மாட்டிக்கொள்ளும்.

இப்போது போனுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். உள்பக்கம் ஒரு லினக்ஸ் மெஷினில் ஆஸ்டரிஸ்க் என்ற போன் சர்வர் மென்பொருளைப் போடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய வழிகாட்டிகளில் பாதி இப்போது செல்லாது, ஏனென்றால் அவை பயன்படுத்தும் பழைய சேன்_சிப் பகுதியை 2023 இல் வந்த 21 ஆம் பதிப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த பிஜேசிப் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் படியுங்கள். ஆஸ்டரிஸ்க்குக்கு 192.168.10.5 கொடுங்கள். வெளிப்பக்கம் 10.99.0.30 இல் ஒரு மெஷின் வைத்து அதில் லின்ஃபோன் போல ஏதாவது ஒரு சாஃப்ட்போன் (கம்ப்யூட்டரில் ஓடும் போன் மென்பொருள்) போடுங்கள், உள்பக்கமும் இன்னொரு மெஷினில் ஒன்று போடுங்கள். ஃபயர்வாலில் யூடிபி 5060 போர்ட்டை ஆஸ்டரிஸ்க் பக்கம் திருப்பிவிட்டு, வெளி போனிலிருந்து அழையுங்கள்.

மணி அடிக்கும். எடுத்துப் பேசினால் வெளியே இருப்பவருக்குக் குரல் கேட்கும், உள்ளே இருப்பவருக்குக் கேட்காது. பெரும்பாலும் 32 வினாடி கழித்து அழைப்பு தானாகவே அறுந்துபோகும். இந்த இரண்டு அறிகுறிக்கும் வேர் ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்டால் இணையத் தொலைபேசியின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ஒரு அழைப்பில் இரண்டு போக்குவரத்து இருக்கிறது. "அழைக்கிறேன், மணி அடிக்கிறது, எடுத்தாயிற்று, வைத்துவிட்டேன்" என்று பேசிக்கொள்வது சிப், 5060 போர்ட்டில். உண்மையான குரல் போவது ஆர்டிபி, அது வேறு போர்ட்டில், ஆஸ்டரிஸ்க்கில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை. குரலை எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது சிப் செய்தியின் உடலுக்குள் எழுத்தாகவே எழுதப்பட்டிருக்கும். நேட் செய்யும் ஃபயர்வால் கடிதத்தின் உறையில் உள்ள அனுப்புநர் முகவரியை மாற்றுகிறது, உள்ளே இருக்கும் கடிதத்தைத் தொடுவதில்லை. வயர்ஷார்க்கில் 200 ஓகே என்ற பதிலைத் திறந்து உடல் பகுதியைப் பாருங்கள், இணைப்பு முகவரி வரியில் 192.168.10.5 என்று அப்படியே இருக்கும். வெளி போன் அதை நம்பித் தன் குரலை 192.168.10.5 க்கு அனுப்புகிறது, அங்கிருந்து அப்படி ஒரு இடத்துக்கு வழியே கிடையாது. ஆஸ்டரிஸ்க் அனுப்பும் குரல் மட்டும் 10.99.0.30 ஐத் தேடி ஒழுங்காக வெளியே போய்விடுகிறது.

அந்த 32 வினாடி எங்கிருந்து வந்தது? அதே 200 ஓகே செய்தியின் தலைப்பில் "இனி என்னை இந்த முகவரியில் தொடர்புகொள்" என்று கான்டாக்ட் வரி ஒன்று இருக்கிறது, அதிலும் உள் முகவரிதான். அழைப்பை எடுத்ததற்கு வெளி போன் அனுப்ப வேண்டிய ஒப்புதல் செய்தி, அதாவது ஏசிகே, அந்த முகவரிக்குப் போய்த் தொலைந்துவிடுகிறது. ஒப்புதல் வராததால் ஆஸ்டரிஸ்க் 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பும், அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு, நான்கு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டு. சிப் விதிமுறையில் அரை வினாடியின் 64 மடங்கு வரைதான் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. அது 32 வினாடி, அதோடு அறுத்துவிடும். ஆகவே "சரியாக அரை நிமிடத்தில் கட் ஆகிறது" என்று யாராவது சொன்னால் போனை மாற்றாதீர்கள், ஏசிகே எங்கே போகிறது என்று தேடுங்கள்.

தீர்வு: ஆஸ்டரிஸ்க் அமைப்பில் வெளி முகவரி இது, உள் நெட்வொர்க் இது என்று சொல்லிவிட வேண்டும், ஆர்டிபி போர்ட் வரம்பையும் ஃபயர்வாலில் உள்ளே திருப்பிவிட வேண்டும். அப்புறம் ஓபிஎன்சென்ஸ் வெளியே போகும் பாக்கெட்டின் மூல போர்ட்டையும் மாற்றிவிடும் பழக்கம் உள்ளது, குரல் விஷயத்தில் அது குழப்பும், போன் சர்வருக்கு மட்டும் ஸ்டாடிக் போர்ட் விதி ஒன்று எழுதுங்கள். பல ரூட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கிறது, கடிதத்துக்குள் இருக்கும் முகவரியையும் நானே திருத்தித் தருகிறேன் என்று முன்வரும். பெரும்பாலும் அரைகுறையாகத் திருத்தி இன்னும் கெடுக்கும். போன் கோளாறு வந்தால் நான் முதலில் அதை அணைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

இன்னொரு வகைக் கோளாறு: வெளியே அழைக்க முடிகிறது, உள்ளே அழைப்பு வருவதில்லை, போனை ரீஸ்டார்ட் செய்தால் சில நிமிடம் சரியாகிறது. மேலே சொன்ன நினைவு அட்டவணைதான் இங்கேயும் காரணம். யூடிபிக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, அதனால் கொஞ்ச நேரம் பேச்சு இல்லையென்றால் ஃபயர்வால் அதை மறந்துவிடும். போனோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பதிவைப் புதுப்பிக்கிறது என்றால் நடுவில் வரும் அழைப்புக்குக் கதவு மூடியிருக்கும். ஃபயர்வால் மறக்காமல் இருக்கப் போன் அனுப்பும் கீப்அலைவ் செய்தியின் இடைவெளியைக் குறைத்தால் போதும்.

குரலின் தரம் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. ஜி.711 கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் முறை) வழக்கமாக 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது வினாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். 200 பெருக்கல் 50 பெருக்கல் 8, ஒரு திசைக்கு 80 கிலோபிட். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தொடாது. ஆகவே குரல் வெட்டும்போது "இன்டர்நெட் வேகத்தைக் கூட்டுங்கள்" என்பது பல நேரம் தவறான மருந்து. யாரோ பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போது குரல் பாக்கெட் வரிசையில் பின்னால் மாட்டிக்கொள்கிறது, அதுதான் விஷயம். அதற்குக் குரல் பாக்கெட்டுகளுக்கு டிஎஸ்சிபி 46 என்று முத்திரை போட்டு, ரூட்டரில் முன்னுரிமை கொடுக்க வேண்டும். முத்திரை மட்டும் போட்டுவிட்டு ரூட்டரில் ஒன்றும் செய்யாமல் விட்டால் பயன் இல்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை.

நெட்வொர்க்கில் எல்லாம் சுத்தமாக இருந்தும் குரல் வெட்டுகிறதா? ஹைப்பர்வைசரைப் பாருங்கள். 8 கோர் உள்ள ஹோஸ்ட்டில் பத்துப் பன்னிரண்டு மெஷின்களுக்குத் தலா நான்கு கோர் என்று வாரிக் கொடுத்திருந்தால், போன் சர்வர் சிபியுவுக்காக வரிசையில் நிற்கும். இணையதளம் அரை வினாடி தாமதித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை பாக்கெட் அனுப்ப வேண்டிய சர்வர் தாமதித்தால் காதிலேயே தெரியும். லினக்ஸில் டாப் கட்டளையில் எஸ்டி என்ற எண்ணையும், விஎம்வேரில் சிபியு ரெடி என்ற அளவையும் பாருங்கள். கோர் குறைவாகக் கொடுத்தால் வேகம் கூடும் என்பதை முதலில் யாரும் நம்ப மாட்டார்கள், குறைத்துக் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இது லேபுக்கும் பொருந்தும். 5060 ஐ உலகத்துக்கே திறந்து வைத்தால் அதிக நேரம் போவதற்குள் யாரோ கதவைத் தட்டத் தொடங்குவார்கள். 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே பாஸ்வேர்டு வைத்திருந்தால், உங்கள் கணக்கில் ராத்திரி முழுக்க வெளிநாட்டு அழைப்புகள் ஓடும், பில் உங்கள் நிறுவனத்துக்கு வரும். சேவை நிறுவனத்தின் முகவரியிலிருந்து மட்டும் 5060 ஐ அனுமதியுங்கள், வெளியூர் ஊழியர்களை விபிஎன் வழியாக வரச் சொல்லுங்கள், வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் சேவை நிறுவனத்திடம் சொல்லி அங்கேயே அடைத்துவிடுங்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். வேலை மாறும் எண்ணம் இருந்தால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ எழுதுங்கள், விண்ணப்பத்தை வடிகட்டுபவர்கள் அதைத் தேடுகிறார்கள், பாடத்திட்டமும் அடிப்படையை ஒழுங்காகக் கட்டுகிறது. அதே இடத்தில்தான் இருக்கப்போகிறீர்கள் என்றால் அவசரமே இல்லை, உங்கள் அலுவலகத்தில் இருக்கும் ஃபயர்வால் நிறுவனத்தின் இலவசப் பயிற்சி ஏதாவது இருந்தால் அது உடனே கைகொடுக்கும். கேள்வி பதில் தொகுப்பை மனப்பாடம் செய்து வாங்கும் சான்றிதழ் முதல் நாள் டிக்கெட்டிலேயே வெளுத்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒழுங்காக லேபில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு சுற்று முடிக்கலாம், அதில் முதல் இரண்டு மாதம் அடிப்படைக்கும் வயர்ஷார்க்குக்குமே போகும், போகட்டும்.

இதற்கிடையில் அலுவலகத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, லேப் முடியும்வரை காத்திருக்காதீர்கள். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, போன்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் உங்களுடைய சோதனை அழைப்பு ஒன்றை முழுதாகப் பிடித்துச் சேமித்து வையுங்கள், ஃபயர்வால் அமைப்பின் நகலோடும் ஸ்விட்ச் போர்ட் விவரத்தோடும் சேர்த்து. ஏதாவது உடையும் நாளில் அன்றைய பிடிப்பை இதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், எந்தச் செய்தி விடுபட்டது, எந்த முகவரி மாறியது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.